முக்கால் தாண்டிய பையை அக்கா எடுக்க மாட்டார்

எங்கள் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவர்களை ஊர்ப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். மேலூர் அண்ணன், சோழவந்தான் அக்கா, வாடிப்பட்டி அக்கா. டாக்டர்களுக்குப் பட்டமும் பேரும் உண்டு, சிஸ்டர்களுக்குப் பேராவது உண்டு, இவர்களுக்கு ஊர் மட்டும்தான். அதில் பிரியமும் இருக்கிறது, அலட்சியமும் இருக்கிறது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

ஊசி குத்தியது வாடிப்பட்டி அக்காவுக்கு. 2017, மதுரையில் நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி. காலையில் வார்டுப் பைகளை எடுத்துக்கொண்டு பின்வாசல் பக்கம், ஜெனரேட்டர் ஷெட்டுக்கு அடுத்துள்ள கழிவு அறைக்குப் போயிருக்கிறார். கையில் தொங்கிய மஞ்சள் பை நடையில் ஆடித் தொடையில் இடித்திருக்கிறது. சுருக்கென்றதும் சேலையை ஒதுக்கிப் பார்த்தால் ஒரு பொட்டு ரத்தம். குழாயடியில் கழுவி, கொஞ்சம் டெட்டாலைத் தடவிக்கொண்டு அடுத்த பையை எடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் வரை யாரிடமும் மூச்சு விடவில்லை. நான் டியூட்டிக்கு வந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, யாருக்கோ விசாரிப்பது மாதிரி கேட்டார்: "சிஸ்டர், பையில இருக்க ஊசி குத்துனா ஒண்ணும் செய்யாதுல்ல?"

"யாருக்குக்கா குத்துச்சு?"

பதில் இல்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். அதிலேயே புரிந்துவிட்டது. ஏன் அப்பவே சொல்லவில்லை என்று கோபமாகக் கேட்டேன். "சொன்னா கான்ட்ராக்ட்காரரு நிப்பாட்டிருவாரு சிஸ்டர். போன வருசம் ஒரு புள்ளைய அப்படித்தான் வேணாம்னுட்டாக." என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

குத்தி 35 மணி நேரம் ஆகியிருந்தது. இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பயன்படுத்திய ஊசி குத்தினால் மூன்று கிருமிகளை நினைத்துத்தான் பயப்பட வேண்டும்: ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, ஹெச்.ஐ.வி. எல்லோரும் நடுங்குவது ஹெச்.ஐ.வி.க்கு. அந்தக் கிருமி உள்ளவரின் ஊசியே குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு 1000-ல் 3 அளவுதான். உண்மையில் பயப்பட வேண்டியது ஹெபடைட்டிஸ் பி-க்கு. தடுப்பூசி போடாதவருக்கு, நோயாளியின் நிலையைப் பொறுத்து, அது 100-ல் 30 வரைகூடப் போகும். ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையின் முதல் டோஸ் 2 மணி நேரத்துக்குள் விழுந்தால் நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் அதை ஆரம்பிப்பதில் பலன் இல்லை என்கிறார்கள். அக்கா பாதித் தூரம் கடந்திருந்தார்.

டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து அக்காவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள். யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியாததால் 28 நாள் மாத்திரை கொடுத்தார்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று கேட்டபோதுதான் அடுத்த இடி. மூன்று டோஸில் ஒன்றுதான் போட்டிருந்தார். இரண்டாவது டோஸுக்கு முன்னால் கான்ட்ராக்ட் ஏஜென்சி மாறிவிட்டது, பழைய லிஸ்ட் யாரிடமும் இல்லை. உடனடிப் பாதுகாப்புக்கு இம்யூனோகுளோபுலின் ஊசி போட வேண்டியதாயிற்று. அது விலை கூடிய மருந்து. மூன்று டோஸ் தடுப்பூசி அதன் பக்கத்தில்கூட வராது. பில்லைப் பார்த்து எங்கள் அட்மின் ஆபீசர் முகம் சுளித்தார். ஒரு லிஸ்ட்டை ஒழுங்காக வைத்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது என்று அவரிடம் சொன்னது எனக்கு இன்றைக்கும் திருப்திதான்.

அக்கா 28 நாளும் மாத்திரை சாப்பிட்டார். குமட்டலோடுதான் வேலைக்கு வந்தார். மாத்திரை டப்பாவை வீட்டில் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்ததாகப் பின்னால் சொன்னார். டப்பாவில் இருக்கும் பேரை யாராவது படித்துவிட்டால் ஊர் என்ன சொல்லும்? 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று ஒவ்வொரு பரிசோதனைக்கும் நான் கூடப் போனேன். கடைசி ரிப்போர்ட்டும் நல்லபடியாக வந்த அன்றைக்கு அழகர்கோயிலுக்குப் போய் வந்து எனக்குத் தோசைப் பிரசாதம் கொண்டுவந்தார்.

அதை வாங்கச் சங்கடமாக இருந்தது. ஏனென்றால் அந்த ஊசியை விட்டுவைத்தது அநேகமாக நான்தான்.

பையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் தேதியும் வார்டும் இருந்தன. கேஷுவாலிட்டி, என்னுடைய நைட் டியூட்டி. ரிங் ரோட்டில் பைக்கோடு விழுந்த ஒரு பையனுக்கு நெற்றியிலும் முட்டியிலும் தையல் போட்டோம். டாக்டர் கடைசி முடிச்சைப் போட்டுக் கையுறையைக் கழற்றும்போதே அடுத்த கேஸ் ஸ்ட்ரெச்சரில் உள்ளே வந்தது. ட்ரேயில் ரத்தம் தோய்ந்த காஸ், பஞ்சு, மரத்துப்போக லோக்கல் போட்ட ஊசி எல்லாம் கிடந்தன. விரித்திருந்த துணியோடு சேர்த்து அப்படியே பொதியாகச் சுருட்டி மஞ்சள் பையில் போட்டேன். அந்தப் பொதிக்குள் ஊசி இருந்தது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் ஊசி போடும் வெள்ளை டப்பா அறையின் மறுகோடியில், சிங்க்குக்குப் பக்கத்தில் இருந்தது. அன்றிரவு நான் அதுவரை நடந்த ஞாபகம் எனக்கு இல்லை.

இத்தனைக்கும் எந்தக் கழிவு எந்த நிறப் பையில் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். மருத்துவக் கழிவுக்கென்று 1998-ல் வந்த முதல் விதிகளில் அதை 10 வகையாகப் பிரித்திருந்தார்கள். 2016 மார்ச்சில் வந்த புதிய விதிகள் அதை நான்கு நிறத்துக்குள் அடக்கின: மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம். எங்களுக்கும் வகுப்பு எடுத்தார்கள், சுவரில் சார்ட் ஒட்டினார்கள், டெஸ்ட் வைத்தார்கள். நான் முழு மார்க்.

நிறத்தை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பதில்தான் கோளாறு என்று இப்போது நினைக்கிறேன். பை எங்கே போய் என்ன ஆகிறது என்று சொல்லிக் கொடுத்தால் நிறம் தானாக மனதில் நிற்கும். மஞ்சள் எரிக்கப்படுவது. ரத்தப் பஞ்சு, கட்டுத்துணி, அறுத்தெடுத்த உறுப்பு, நஞ்சுக்கொடி, காலாவதியான மருந்து எல்லாம் அதில் வரும். உலையில் இரண்டு அறைகள். முதல் அறையில் 800 டிகிரி வாக்கில் எரிகிறது, அங்கிருந்து வரும் புகை இரண்டாவது அறையில் 1050 டிகிரியில் குறைந்தது 2 விநாடி நின்று எரிந்து வெளியேற வேண்டும். சிவப்பு என்பது அவித்து, நறுக்கி, மறுசுழற்சிக்குப் போகும் பிளாஸ்டிக். டிரிப்ஸ் பாட்டில், டியூப், யூரின் பை, கையுறை, ஊசி கழற்றிய சிரிஞ்ச் எல்லாம் அதில். வெள்ளை, குத்துகிற வெட்டுகிற சாமான்கள்: ஊசி, பிளேடு. அதற்குப் பை கிடையாது, துளைக்க முடியாத கெட்டி டப்பாதான். நீலம் கண்ணாடிக்கு, அதாவது மருந்துக் குப்பி, ஆம்பியூல். எலும்புக்குள் வைத்து எடுத்த உலோகத் தகடும் அதில்தான் வரும்.

விருதுநகர் மாவட்டத்துப் பக்கம் இருக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒருமுறை எங்களைக் கூட்டிப்போனார்கள். இப்படி ஒரு நிலையம் 75 கிலோமீட்டருக்குள் இருந்தால் ஆஸ்பத்திரிகள் தனியாக உலை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. அந்த வெக்கையில் நின்றபோதுதான் சார்ட்டில் எழுதியிருந்ததற்கெல்லாம் அர்த்தம் தெரிந்தது. டிரிப்ஸ் டியூப்பை மஞ்சளில் போட்டால் அது உலைக்குப் போகும். பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். ரத்தப் பஞ்சைச் சிவப்பில் போட்டால் நல்ல பிளாஸ்டிக்கும் சேர்ந்து கெடும். சாம்பார் சாதப் பொட்டலத்தை மஞ்சளில் போட்டால், ஆஸ்பத்திரி காசு கொடுத்துச் சாம்பாரை எரிக்கிறது என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக் கழிவில் ஏறக்குறைய 85 சதவீதம் வீட்டுக் குப்பையைப் போன்ற சாதாரணக் குப்பைதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மீதி 15 சதவீதத்தோடு அதைக் கலந்துவிட்டால் மொத்தமும் ஆபத்துக் கழிவாகிவிடும். நோயாளியோடு தங்குகிறவர்கள் பரோட்டாப் பொட்டலத்தைப் பக்கத்தில் எந்த டப்பா இருக்கிறதோ அதில் போடுவார்கள். அவர்களைத் திட்டி என்ன பயன்? கைக்கு எட்டும் இடத்தில் மஞ்சள் டப்பாவை வைத்தது நாம்தானே.

ஊசி விஷயத்துக்குப் பிறகு என்னை இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் சிஸ்டராகப் போட்டார்கள். தண்டனையா பதவி உயர்வா என்று முதல் மாதம் எனக்கே தெரியவில்லை. முதலில் நானும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். சார்ட்டைப் பெரிதாக அடித்து ஒட்டினேன், கூட்டம் போட்டேன், வார்டு வார்டாகப் போய்க் கத்தினேன். நான் ரவுண்ட்ஸ் வரும் அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். திரும்பினால் பழைய கதைதான். சீனியர் சிஸ்டர் ஒருவர் டியூப்பை நீலத்திலேயே போட்டுக்கொண்டிருந்தார். பழைய விதிக் காலத்தில் அப்படிப் பழகிய கை. அறிவு மாறினாலும் கை மாற நாளாகும்.

மாற்றம் வந்தது டப்பாவை நகர்த்தியபோதுதான். வெள்ளை டப்பாவை டிரெஸ்ஸிங் ட்ராலியிலேயே, வலது கைப் பக்கம் கட்டிவிட்டோம். ஊசி போட்ட கை ஒரு அடி நகர்ந்தால் டப்பா. யாரும் நடக்க வேண்டாம், யாருக்கும் ஞாபகமும் வேண்டாம். நோயாளி அறைகளிலிருந்து மஞ்சள் டப்பாவை எடுத்துவிட்டு, சாப்பாட்டுக் குப்பைக்கு மூடி போட்ட டப்பா வைத்தோம். மஞ்சளும் சிவப்பும் ட்ராலியோடு உள்ளே வரும், ட்ராலியோடு வெளியே போகும். அந்த மாதமே மஞ்சள் பையின் எடை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்தது. வார்டுவாரியாக எடை எழுதும் நோட்டு ஒன்று போட்டேன். என் கத்தலைவிட அந்த நோட்டுக்கு மரியாதை அதிகம். பக்கத்து வார்டைவிடத் தன் வார்டு எடை கூடுதல் என்றால் எந்த இன்சார்ஜ் சிஸ்டருக்கும் பொறுக்காது.

ஊசியை மூடி போட்டு மூடும் பழக்கம்தான் விடவே விடாத பழக்கம். படிக்கும்போதே கூடாது என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள், ஆனாலும் கை தேடிப் போய் மூடும். பல குத்துகள் அந்த இடத்தில்தான். மூடியே ஆக வேண்டிய நிலை வந்தால் மூடியைத் தட்டில் கிடத்தி, ஒரே கையால் ஊசியை அதற்குள் செருகி எடுக்க வேண்டும், இன்னொரு கை கிட்டேயே வரக் கூடாது. ஹப் கட்டர் என்று ஊசியைச் சிரிஞ்சின் கழுத்தோடு வெட்டும் கருவி வார்டுக்கு வார்டு இருக்கும். அதன் பிளேடு சில மாதத்தில் மழுங்கும். மழுங்கியதும் யாரும் புகார் எழுத மாட்டார்கள், ஊசியைக் கையால் வளைத்து ஒடிப்பார்கள். அதனால் கருவி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், போகிற இடமெல்லாம் நானே ஒரு ஊசியை வெட்டிப் பார்ப்பேன்.

எல்லாவற்றையும்விட அதிகமாக வேலை செய்த யோசனை என்னுடையது இல்லை, மேலூர் அண்ணனுடையது. ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்: "கட்டாத பைய, வழியிற பைய நாங்க எடுக்க மாட்டோம்னு சொல்றதுக்கு எங்களுக்கு ஒரு பேப்பரு குடுங்க சிஸ்டர். மத்ததெல்லாம் தன்னால நடக்கும்."

கமிட்டிக் கூட்டத்தில் வைத்தேன். 30 படுக்கைக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரிகளில் கழிவு மேலாண்மைக்கு ஒரு கமிட்டி இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் கமிட்டி அதுவரை கையெழுத்துப் போட மட்டும் கூடிக்கொண்டிருந்தது. துப்புரவு ஆட்கள் பையைத் திருப்பி அனுப்புவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். எம்.டி. மட்டும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முக்கால் பங்குக்கு மேல் நிரம்பிய பை, வாய் கட்டாத பை, ஸ்டிக்கர் இல்லாத பை, தூக்கும்போது உள்ளே கணகணக்கும் மஞ்சள் பை: இவற்றை எடுக்க வேண்டியதில்லை.

முதல் வாரம் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. இரண்டாவது வாரம் வாடிப்பட்டி அக்கா ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். சர்ஜன் வெளியே வந்தார். "என்னம்மா, எடுக்கலையா?" "கண்ணாடி சத்தம் கேக்குது சார்." அவர் ஒரு நொடி பார்த்துவிட்டு உள்ளே திரும்பிச் சிஸ்டரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான் நடந்தது. சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது.

அதோடு, புதிதாகச் சேரும் நர்ஸ், ஹவுஸ் சர்ஜன் எல்லோரையும் முதல் வாரத்தில் ஒருநாள் காலை 6 மணிக்கு அக்காவோடு அனுப்புவேன். பையை எடுப்பது, எடை போடுவது, பார்கோடு ஒட்டுவது, வண்டியில் ஏற்றுவது வரை கூட நிற்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் கழிவை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கக் கூடாது என்ற விதி ஏன் என்று சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் ஒரு தடவை நின்றவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு விஷயம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஊசி குத்தினால் எழுதி வைக்கும் ரிஜிஸ்டர் எங்களிடம் அதுவரை காலியாக இருந்தது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருபவர்களிடம் அதைப் பெருமையாகக் காட்டுவோம். அந்த நோட்டு காலியாக இருந்ததற்குக் காரணம் பயம். குத்தியதைச் சொன்னவர் வேலையை விட்டு நிறுத்தப்பட மாட்டார் என்று எழுத்தில் போட்ட பிறகு மூன்று மாதத்தில் நான்கு பதிவு. இப்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த நோட்டைக் கேட்கிறேன். காலியாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

குத்திய உடனே செய்ய வேண்டியது சின்ன வேலைதான்: ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுவது. அழுத்திப் பிதுக்கக் கூடாது, விரலை வாயில் வைக்கக் கூடாது, டெட்டாலும் ஸ்பிரிட்டும் வேண்டாம். அப்புறம் நேரே டாக்டரிடம். டியூட்டி முடியட்டும் என்று காத்திருப்பதில்தான் முதல் 2 மணி நேரம் போய்விடுகிறது. தரையில் ரத்தம் கொட்டினால் மாப்பை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள், அதுவும் தப்பு. அது ரத்தத்தை அறை முழுக்கப் பூசும் வேலை. பழந்துணியோ டிஷ்யூவோ போட்டு மூடி, கிருமி கொல்லும் 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றி, 10 முதல் 20 நிமிடம் விட்டுத்தான் எடுக்க வேண்டும். கடையில் 5 சதவீதமாக வாங்கினால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். நேற்றுக் கலந்தது இன்றைக்கு வெறும் வாசனைதான்.

சிவப்புப் பையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் காசு இருக்கிறது. காலி டிரிப்ஸ் பாட்டில் நல்ல பிளாஸ்டிக். ஒரு வார்டு பாய் அதை மட்டும் பொறுக்கிச் சாக்கில் கட்டிக் காயலான் கடைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். விசாரித்தால், டீச்செலவுக்கு என்றான். அவன் சம்பளத்தைப் பார்த்தால் அந்த டீச்செலவு எனக்குப் புரிந்தது. ஆனால் அங்கிருந்து அந்த பாட்டிலும் சிரிஞ்சும் என்னவாகத் திரும்பி வரும் என்று யாருக்குத் தெரியும்? அப்போதிருந்து பாட்டிலைக் கீறி, டியூப்பை வெட்டி, கையுறை விரலை நறுக்கித்தான் போடுகிறோம். வெட்டிய சாமானைத் திரும்ப யாரும் புதுசு மாதிரி விற்க முடியாது. அவனை வேலையை விட்டு எடுக்கவில்லை. வெட்டுகிற வேலையை அவனிடமே கொடுத்தோம்.

மஞ்சள் பையில் போவதெல்லாம் வெறும் கழிவு இல்லை என்று காட்டியவர் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். சர்க்கரைப் புண்ணில் முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று. மயக்கம் தெளிந்து இரண்டாம் நாள் என்னைக் கேட்டார்: "ஏத்தா, என் காலை என்ன செஞ்சீக?" பொய் சொல்ல மனது வரவில்லை. தனிப் பையில் கட்டி, எரிக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றேன். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப எனக்கு முந்தியே என் காலு போயிருச்சாக்கும்" என்று சிரித்தார். அதற்குப் பிறகு ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போதே இதையும் வீட்டாரிடம் பேசிவிடுகிறோம். அவர்களுக்கும் அது ஒரு சாவுதான்.

2020-ல் எல்லாமே ஒரே மஞ்சளாக மாறியது. கொரோனா வார்டுக் கழிவுக்கு இரட்டைப் பை, தனி ஸ்டிக்கர், தனி நோட்டு. அழகர் ஆற்றில் இறங்காத அந்தச் சித்திரையில், மற்றவர்கள் வீட்டுக்குள் இருக்க, வாடிப்பட்டி அக்காவும் சோழவந்தான் அக்காவும் பிளாஸ்டிக் அங்கிக்குள் வியர்த்து ஊற்ற வண்டியில் பை ஏற்றினார்கள். கை தட்டச் சொன்ன நாளில் நாங்களும் தட்டினோம். கான்ட்ராக்ட் சம்பளம் மட்டும் அதே சம்பளம்தான்.

2024 டிசம்பரில், கேரளாவிலிருந்து வந்து திருநெல்வேலிப் பக்கம் நடுக்கல்லூரில் கொட்டிய மருத்துவக் கழிவைப் பசுமைத் தீர்ப்பாயம் திரும்ப அள்ளிக்கொண்டு போகச் சொன்ன செய்தி வந்தபோது, டீக்கடையில் எல்லோரும் பக்கத்து மாநிலத்தைத் திட்டினார்கள். திட்ட வேண்டியதுதான். ஆனால் எனக்கு என் வீடுதான் நினைவுக்கு வந்தது.

அப்பா திருமங்கலத்தில் இருக்கிறார். பத்து வருடமாக இன்சுலின். காலையும் ராத்திரியும் போட்டுக்கொண்ட ஊசியைக் கேரி பேக்கில் சுற்றிக் குப்பை வண்டியில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் அத்தனை பேருக்கு வகுப்பு எடுத்த நான், அப்பா வீட்டுக் குப்பையை ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அந்த வண்டியில் வரும் அம்மா கையுறை இல்லாமல்தான் பிரிக்கிறார். அவருக்கு ரிஜிஸ்டரும் கிடையாது, கூடப் பெரியாஸ்பத்திரிக்கு வர ஒரு சிஸ்டரும் கிடையாது.

"ஒரு முடி தண்டி ஊசி, அது யாரைக் குத்தப் போகுது?" என்றார் அப்பா.

வாடிப்பட்டி அக்காவின் கதையைச் சொன்னேன். அரிசிப் பானை வரைக்கும். அதற்கப்புறம் அவர் வாதாடவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பினாயில், சோப்புத் தண்ணீர் வருமே, அந்த மாதிரித் திருகு மூடி போட்ட கெட்டி பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று. தண்ணீர் பாட்டில் ஆகாது, மெலிசு, குத்திக்கொண்டு வெளியே வரும். கண்ணாடியும் வேண்டாம். ஊசி, சர்க்கரை பார்க்க விரலைக் குத்தும் லான்செட் எல்லாம் போட்ட கையோடு அதற்குள். பேரன் பேத்தி கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். முக்கால் நிறைந்ததும் மூடியை டேப் சுற்றி, மேலே "ஊசி" என்று பெரிதாக எழுதி, ரத்தப் பரிசோதனைக்குப் போகும் லேபிலோ பழக்கமான ஆஸ்பத்திரியிலோ வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். கேட்டால் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வழியே இல்லையென்றால், தூய்மைப் பணியாளர் கையில் தனியாக, சொல்லிக் கொடுக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரின் டயாப்பர், புண்ணுக்குக் கட்டிய துணி எல்லாம் செய்தித்தாளில் சுற்றித் தனிப் பொட்டலமாக. பழைய மாத்திரையைக் கக்கூஸில் கொட்ட வேண்டாம்.

அப்பாவின் முதல் பாட்டில் நிறைய நான்கு மாதம் ஆனது. எங்கள் லேபில் பேசி வைத்திருந்தேன். நான் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியும் கேட்காமல், பஸ் ஏறி அவரே கொண்டுவந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் ஏதோ கல்யாணத்தில் கொடுத்த மஞ்சப்பை. அதற்குள் டேப் சுற்றிய பினாயில் பாட்டில். பின்வாசல் பக்கம் வாடிப்பட்டி அக்கா எடை போட்டுக்கொண்டிருந்தார். அப்பா பையை நீட்டினார்.

அக்கா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"ஐயா, மஞ்சப்பையில ஊசி வரக் கூடாது. வெளியில எடுத்து வைங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஜெனரேட்டர் ஷெட்டைப் பார்த்தேன். "சரித்தா, சரித்தா" என்று பாட்டிலை எடுத்துத் திண்டில் வைத்துவிட்டு, பையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.